ஏணியின் சாய்வு

எங்கள் ஊரில் என்னைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள் குறைவு. "கோண வாத்தியார்" என்றால்தான் சிறுவர்களுக்குத் தெரியும். 34 ஆண்டுகள் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தி, 2012-இல் ஓய்வு பெற்றவன் நான். வட்டத்தையும் வட்டியையும் விரைந்து முடித்துவிட்டு, கோணம் வந்தால் மட்டும் நாள்கணக்கில் நிறுத்திப் பேசியதால் வந்த பட்டம் அது. அதைச் சூட்டிய மாணவர்களில் சிலர் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். பட்டத்துக்கு மட்டும் வயதாகவில்லை.

கோணத்தின்மீது எனக்கு ஏன் இத்தனை பிடிப்பு என்று என் மனைவி பலமுறை கேட்டதுண்டு. பாடம் பிடிக்கும் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன். உண்மையான காரணத்தை அவளிடம்கூடச் சொன்னதில்லை. எழுபதைத் தாண்டிய பிறகு ஒளித்து வைக்க என்ன இருக்கிறது என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறேன்.

கோணத்தை நான் முதலில் கற்றது பள்ளியில் அல்ல. பக்கத்து வீட்டுத் திண்ணையில். அங்கே ஒரு கேரம் பலகை இருந்தது. அஸர் தொழுகை முடிந்ததும் நாங்கள் நான்கைந்து பேர் அதைச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். நேராக அடித்துக் காயை விழச் செய்வது எல்லாருக்கும் வரும். எதிர்ச் சட்டத்தில் அடித்துத் திருப்பிக் காயைக் குழிக்குள் தள்ளுவதில்தான் ஆட்டக்காரனின் திறமை தெரியும். சட்டத்தில் எந்தக் கோணத்தில் ஸ்ட்ரைக்கர் மோதுகிறதோ, ஏறக்குறைய அதே கோணத்தில் மறுபுறம் திரும்பும். எங்களில் மூத்தவனான ஒரு காக்கா இதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தான். சட்டத்துக்கு அப்பால் இன்னொரு பலகை, கண்ணாடியில் தெரிவதுபோல் கிடப்பதாக மனத்தில் எண்ணிக்கொள்ள வேண்டும். அந்தக் கற்பனைப் பலகையின் குழியைக் குறிபார்த்து நேராக அடித்தால், ஸ்ட்ரைக்கர் சட்டத்தில் பட்டு உண்மையான குழியை நோக்கி வரும். அவன் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன்.

படுகோணமும் மீள்கோணமும் சமம் என்ற இந்த நியதியைக் கிரேக்க அறிஞர்கள் ஒளியைக் கொண்டு முன்பே சொல்லியிருந்தார்கள். பஸராவில் பிறந்த இப்னுல் ஹைஸம், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், அதற்கென்றே ஒரு கருவியை அமைத்து, பல வடிவக் கண்ணாடிகளில் ஒளியை விழச் செய்து சோதித்துப் பார்த்தார். இதையெல்லாம் நான் அறிந்தது பின்னாளில்தான். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் போரிக் பவுடர் தூவிய பலகையும், நடுவில் இருக்கும் சிவப்புக் காயும்தான்.

1968-ஆம் ஆண்டு, ஐப்பசி மழைக்குச் சில நாள்கள் முன்பு, வாப்பா எங்கள் வீட்டின் உடைந்த ஓடுகளை மாற்ற முற்பட்டார்கள். வாப்பாவுக்குக் கயிற்றுக் கடை. ஓட்டு வேலைக்கு ஆள் வைக்கும் அளவுக்கு வசதியில்லை. வைத்தாலும் அவர்களுக்குப் பிடிக்காது. முற்றத்துச் சுவரை ஒட்டிச் செங்கல்லால் கட்டிய தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. ஏணியைச் சுவருக்கு அருகில் நிறுத்தத் தொட்டி இடம் தரவில்லை. ஆகவே, தொட்டியைத் தாண்டி, சிமெண்டுத் தரையில் ஏணியின் கால்களை ஊன்றி, தலைப்பகுதியை இறவாணத்தில் சாய்த்தார்கள். சாய்வு அதிகம் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அதனால்தான் என்னை அழைத்தார்கள்.

"தம்பி, காலை முட்டுக் கொடுத்துக் கெட்டியா பிடிச்சுக்கிடு. நான் சொல்ற வரைக்கும் விட்றாதே" என்றார்கள்.

எனக்கு வயது 14. பிடித்துக்கொண்டுதான் நின்றேன். வாப்பா ஏறினார்கள், இரண்டு ஓடுகளை மாற்றினார்கள், இறங்கினார்கள், மறுபடி ஏறினார்கள். ஏணி அசையவே இல்லை. அந்த நேரத்தில்தான் பக்கத்துத் திண்ணையிலிருந்து கூப்பிட்டார்கள். சிவப்புக் காய் குழியின் வாயில் நிற்கிறதாம், என் முறையாம். ஒரே ஓர் அடி. அடித்துவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று போனேன்.

ஸ்ட்ரைக்கர் மேல் விரலை வைத்திருந்தபோது சத்தம் கேட்டது. உம்மாவின் சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது.

இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. வாப்பா ஆறு மாதம் படுக்கையில் இருந்தார்கள். எழுந்தபோது ஒரு கால் குட்டையாகிவிட்டிருந்தது. கடையைச் சின்னாப்பா பார்த்துக்கொண்டார். அது மெல்ல மெல்ல அவருடைய கடையாகவே ஆயிற்று. வாப்பா அதன்பின் நிலத்தில் நெற்றி வைத்துத் தொழுததில்லை. பள்ளிவாசலின் கடைசி வரிசை ஓரத்தில் ஒரு நாற்காலி அவர்களுக்கென்று கிடந்தது. விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், "ஏணி வழுக்கிட்டு, அல்லாஹ் நாடினது" என்பதற்கு மேல் ஒரு சொல் சொன்னதில்லை. பிடித்துக்கொண்டிருந்த பையன் எங்கே போனான் என்று உம்மாகூடக் கேட்டதில்லை. அங்கே ஒருவன் நிறுத்தப்பட்டிருந்தான் என்பதே அவர்களுக்குத் தெரியாது போலும்.

கல்லூரியில் நிலையியல் படித்தபோது, சுவரில் சாய்ந்த ஏணிக் கணக்கு வந்தது. கணிதம் படித்த எவரும் அதைத் தாண்டி வந்திருக்க முடியாது. சுவர் வழவழப்பானது, தரை உராய்வு உடையது, ஏணி வழுக்காமலிருக்க எவ்வளவு தூரம் ஏறலாம் என்று கேட்பார்கள். மற்ற மாணவர்கள் மதிப்பெண்ணுக்காக எழுதினார்கள். நான் வகுப்பை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்தக் கணக்கின் உட்பொருளைக் குடும்பத்தார் அனைவரும் அறிந்திருப்பது நல்லது; ஏணி இல்லாத வீடு இல்லை. ஏறுபவரின் எடை ஏணியின் தலையைச் சுவரோடு அழுத்துகிறது. சுவர் திருப்பித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்க வேண்டியது தரையில் ஊன்றிய கால்களின் உராய்வுப் பிடிப்பு மட்டுமே. ஏணி நிமிர்ந்து நின்றால் தள்ளல் குறைவு. படுக்கப் படுக்க அதிகம். தரையோடு 75 பாகை சாய்வில் ஏணி நின்றால், உச்சிப் படியில் நிற்பவரின் எடையில் ஏறக்குறையக் கால் பங்கு அளவுக்குத் தரை பிடித்துக்கொண்டால் போதும். 55 பாகையில் அதுவே பத்தில் ஏழு பங்காகிவிடும். இதைவிட வஞ்சகமான செய்தி ஒன்று உண்டு. ஒருவர் பாதி ஏணியில் நிற்கும்போது வேண்டிய பிடிப்பு, உச்சியில் நிற்கும்போது வேண்டியதில் பாதிதான். கீழ்ப்படிகளில் அசையாத ஏணி உச்சியிலும் அசையாது என்று நம்புவதற்கு எந்த நியாயமும் கிடையாது. வாப்பா முதலிரண்டு தடவை ஏறியபோது இறவாணத்துக்குக் கீழேயே நின்று கை எட்டிய ஓடுகளை மாற்றினார்கள். மூன்றாம் தடவை கடைசிப் படிக்குப் போனார்கள்.

அந்தக் கணக்கை வாப்பாவின் எடையைப் போட்டு ஒரே ஒருமுறை செய்து பார்த்தேன். அவர்கள் 70 கிலோ இருப்பார்கள். ஏணியின் எடையை விட்டுவிட்டால், உச்சியில் 49 கிலோ எடைக்குச் சமமான பிடிப்பு வேண்டும். எடையில் பாதி அளவுக்கு அந்தத் தரை பிடித்தது என்று தாராளமாக வைத்துக்கொண்டால் 35 கிலோ கிடைக்கும். குறைவது 14 கிலோ. பதினான்கு வயதுப் பையன் ஒருவன் காலால் முட்டுக் கொடுத்தால் அந்த அளவை எளிதாகத் தாங்கலாம். அவன் கீழ்ப்படியில் சும்மா ஏறி நின்றிருந்தாலே அவன் எடைக்குக் கூடுதல் உராய்வு கிடைத்து ஏணி நின்றிருக்கும். விடை கிடைத்ததும் அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். கிழித்த தாளில் இருந்த எண்கள் இன்றும் மறக்கவில்லை.

கணக்கு வாத்தியாராக வந்த பிறகு, கோணம் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடிக்கொண்டே திரிந்தேன். தெரிந்ததைப் பிள்ளைகளிடம் கொட்டினேன். ஒருமுறை அதிகமாகவே கொட்டிவிட்டேன். மாவட்டப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்த மாணவன் ஒருவனிடம், குண்டை 45 பாகையில் எறிந்தால்தான் அதிகத் தொலைவு போகும் என்று கரும்பலகையில் நிரூபித்துக் காட்டினேன். அவன் நம்பி அப்படியே எறிந்தான். வழக்கமான தூரத்தைவிட ஓர் அடி குறைந்தது. விளையாட்டு ஆசிரியர் என்னிடம் வந்து, "சார், உங்கள் கணக்கில் குண்டு தரையிலிருந்து கிளம்புகிறது, இவன் தோளிலிருந்து எறிகிறான்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. எறியும் இடம் விழும் இடத்தைவிட உயரமாக இருந்தால் ஏற்ற கோணம் 45-க்குக் கீழே இறங்கிவிடும். அதோடு, மனிதனின் கைக்கு மேல்நோக்கித் தள்ளுவதைவிட முன்நோக்கித் தள்ளும் வலிமை அதிகம். கோணம் உயர உயர வேகம் குறையும். தேர்ந்த வீரர்கள் 35 முதல் 40 பாகைக்குள்தான் எறிகிறார்கள். நீளம் தாண்டுபவர்கள் இன்னும் தாழ்வாக, ஏறக்குறைய 20 பாகையில்தான் எழும்புகிறார்கள். வேகமாக ஓடி வந்த கால் 45 பாகையில் உடலைத் தூக்கிவிட முடியாது. அன்று அந்த மாணவனிடம் வருத்தம் தெரிவித்தேன். அவனுக்கு அது பெரிய வியப்பாக இருந்தது.

கிரிக்கெட்டில் ஒரு கோணம் ஒரு மனிதனின் மானத்தையே நிறுத்துப் பார்த்தது. இலங்கையின் முத்தையா முரளிதரன் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று 1995 டிசம்பரில் மெல்போர்னில் நடுவர் நோ-பால் கொடுத்தார். பிறவியிலேயே முழுமையாக நீட்ட முடியாத முழங்கை அவருடையது. பின்னர் ஆய்வுக்கூடங்களில் வேகக் கேமராக்களைக் கொண்டு அளந்தபோது, குற்றமே இல்லாதவர்கள் என்று எண்ணப்பட்ட பல பந்துவீச்சாளர்களின் முழங்கையும் சில பாகைகள் நிமிர்கிறது என்று தெரியவந்தது. வெறுங்கண்ணுக்கு அது தெரியாது. 2005-இல் பன்னாட்டு கிரிக்கெட் அமைப்பு, எல்லா வகைப் பந்துவீச்சுக்கும் 15 பாகை வரை அனுமதி என்று விதித்தது. கண்ணால் பார்த்துக் குற்றவாளி என்று சொல்வதற்கும் அளந்து சொல்வதற்கும் உள்ள தூரத்தை வகுப்பில் விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

முக்கோணவியலில் வரும் 'சைன்' என்ற சொல்லின் கதையையும் பிள்ளைகளுக்குத் தவறாமல் சொல்வேன். வில்லின் நாணைக் குறிக்கும் 'ஜ்யா', 'ஜீவா' என்ற வடமொழிச் சொற்களை நம் நாட்டு வானியலார் பயன்படுத்தினார்கள். அது அரபியில் 'ஜீபா' என்று போயிற்று. அரபியில் உயிர்க்குறி இடாமல் எழுதுவது வழக்கம். ஆகவே பின்னால் வந்தவர்கள் அதை 'ஜைப்' என்று படித்தார்கள். ஜைப் என்றால் ஆடையின் மார்புப் பிளவு, மடிப்பு. அதை இலத்தீனில் பெயர்த்தவர்கள் மடிப்பு என்ற பொருளிலேயே 'சைனஸ்' என்றார்கள். நம் வீடுகளில் சட்டை ஜேப்பு என்கிறோமே, அதுவும் இந்த ஜைப்தான். ஆக, சைன் அட்டவணை என்பது ஒரு வகையில் ஜேப்பு அட்டவணை. இதைக் கேட்டுச் சிரிக்காத வகுப்பை நான் பார்த்ததில்லை.

கோணத்தைக் கொண்டு பூமியையே அளந்தவர்கள் உண்டு. கலீஃபா மஃமூன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், சின்ஜார் சமவெளியில் அறிஞர்கள் வடக்கும் தெற்குமாக நடந்து, வானின் உயரம் ஒரு பாகை மாறும் தூரத்தைக் கயிறு பிடித்து அளந்தார்கள். 973-இல் குவாரிஸ்மில் பிறந்த அல்பீரூனி, பாலைவனத்தில் நடக்கும் சிரமம் வேண்டாம் என்று வேறு வழி கண்டார். இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள நந்தனா கோட்டையருகே ஒரு மலையைத் தேர்ந்தெடுத்தார். தரையில் இரு இடங்களிலிருந்து உச்சியின் ஏற்றக் கோணத்தை அளந்து மலையின் உயரத்தைக் கணக்கிட்டார். பிறகு உச்சியில் ஏறி நின்று, தொடுவானம் கண்மட்டத்துக்கு எவ்வளவு கீழே இறங்கித் தெரிகிறது என்று பார்த்தார். 34 கலை, அதாவது அரைப் பாகைக்குச் சற்று மேல். இவ்வளவு சிறிய இறக்கத்திலிருந்து அவர் பெற்ற பூமியின் ஆரம், இன்று நாம் ஒப்புக்கொள்ளும் 6,371 கிலோமீட்டருக்கு நெருக்கமானது.

ஊர்களின் இருப்பிடத்தைக் கணிப்பது பற்றி அல்பீரூனி தனியாக ஒரு நூல் எழுதினார். கஸ்னி நகரின் கிப்லாத் திசையைச் சரியாகக் காண்பது அதன் நோக்கங்களில் ஒன்று. இது நம்மையும் தொடும் கோணம். கிப்லா மேற்கு என்று நாம் வாய்வழக்காகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் சென்னையில் அது நேர் மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 18 பாகை விலகியிருக்கிறது. நாகூரில் 20-க்கும் 21-க்கும் இடையே. காயல்பட்டினத்தில் 23-ஐத் தாண்டும். தெற்கே போகப் போக வடபுறச் சாய்வு கூடும்.

எங்கள் மஹல்லாவில் பள்ளியை விரிவாக்கியபோது, பழைய வரிசைக் கோடுகள் சில பாகை விலகியிருப்பதாக ஒரு பொறியாளர் தம்பி சொல்லிவிட்டார். ஊர் இரண்டாயிற்று. முன்னோர்கள் தொழுதது தவறா என்று பெரியவர்கள் கோபித்தார்கள். கருவி பொய் சொல்லுமா என்று இளைஞர்கள் கேட்டார்கள். தொழுகையின் சட்டத்தை ஆலிம்கள் சொல்வார்கள்; என் வேலை கணக்கு மட்டும். நான் சொன்னது ஒன்றுதான்: "ஜூலை 16 வரைக்கும் பொறுங்கள்." ஆண்டில் இருமுறை, மே 28-ஆம் தேதியிலும் ஜூலை 16-ஆம் தேதியிலும், கஅபாவுக்கு நேர் உச்சியில் சூரியன் நிற்கிறது. லீப் ஆண்டுகளில் ஒரு நாள் முன்னதாக வரும். நம் கடிகாரத்தில் மே மாதம் பிற்பகல் 2.48, ஜூலை மாதம் 2.57. அந்த நிமிடத்தில் சூரியனை நோக்கி நிற்பவர் கிப்லாவை நோக்கி நிற்கிறார். எந்தக் கருவியும் வேண்டாம். நூலில் கட்டிய தூக்குக்குண்டு போதும்.

அன்று வெயில் நன்றாக இருந்தது. பள்ளியின் முற்றத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டோம். இரு தரப்பாரும் சுற்றி நின்றார்கள். 2.57-க்கு நூலின் நிழல் மேல் சுண்ணாம்புக் கோடு இழுத்தோம். வாப்பா நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி அருகிலேயே அமர்ந்து பார்த்தார்கள். பழைய கோடுகளுக்கும் நிழலுக்கும் இடையே 6 பாகை இருந்தது. "ஒரு பாகை தப்பினால் அங்கே போய்ச் சேரும்போது எவ்வளவு தப்பும்?" என்று ஒருவர் கேட்டார். எங்கள் ஊரிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் என்றேன். யாரும் பேசவில்லை. பழைய கட்டடம் கட்டப்பட்ட காலத்தில் இவ்வளவு நெருக்கமாக வைத்ததே பெரிது என்று இமாம் அவர்கள் சொன்ன பிறகுதான் முகங்கள் இளகின. புதிய விரிப்புகளைச் சுண்ணாம்புக் கோட்டின்படி போட்டார்கள்.

அன்று மாலை வாப்பாவைக் கைபிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தேன். வழியில் தொட்டியைப் பார்த்ததும் நின்றார்கள். அந்தத் தொட்டி அப்போதும் இருந்தது. சற்று நேரம் பார்த்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டார்கள்:

"அன்னைக்கு அந்தச் சிவப்பு விழுந்துச்சா?"

எனக்கு நாக்கு எழவில்லை. இல்லை என்று தலையசைத்தேன். வாப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினார்கள். அதன்பின் இரண்டு ஆண்டுகள் இருந்தார்கள். அந்தப் பேச்சை அவர்களும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும்.

ஒவ்வோர் ஆண்டும் ஷஃபான் மாதத்தில் பள்ளிவாசலுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். நான் காலையிலேயே போய்விடுவேன். நாலுக்கு ஒன்று என்பது விதி. ஏணி சாயும் இடம் 12 அடி உயரம் என்றால் கால் சுவரிலிருந்து 3 அடியில் இருக்க வேண்டும். அளவுநாடா இல்லாவிட்டால் இன்னொரு வழி உண்டு. ஏணியின் காலில் பெருவிரல் படும்படி நிமிர்ந்து நின்று, கைகளைத் தோள் மட்டத்தில் நேராக நீட்டினால் உள்ளங்கைகள் படியைத் தொட வேண்டும். எட்டாவிட்டால் ஏணி மிகவும் படுத்திருக்கிறது. கை மடங்கினால் மிகவும் நிமிர்ந்திருக்கிறது. அது பின்பக்கம் சாயும்.

இந்த ஆண்டும் போனேன். வேலைக்கு வந்த பையன் என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே, நான் சொல்லாமலே ஏணியின் முன் நின்று கையை நீட்டிக் காட்டினான். ஒரு சாண் எட்டவில்லை. "உள்ளே தள்ளு" என்றேன். தள்ளினான். அவன் மேலே ஏறியதும் கீழ்ப்படியில் காலை வைத்துப் பிடித்துக்கொண்டேன். லுஹருக்குப் பாங்கு சொல்லும்வரை அவன் மேலே இருந்தான்.